பாலனின் கால் சுண்டுவிரல்

பத்து மணிப் பூசை முடிந்து, பாலன் இயேசு சிலையைச் சால்வையில் சுற்றி மார்போடு அணைத்தபடி பல்பினா சான் ரோக்கே மேடேறி வீடு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. மேசைமேல் வைத்ததுதான் தாமதம். தலையில் வெள்ளி ஒளிக்கதிர்களைச் செருக வந்த அவள் கணவன் ரொசெந்தோ, பாலனின் காலைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அடியே, புதுமை நடந்திருக்கு! சுண்டுவிரல் முளைச்சிருச்சு!"

"திருநாளும் அதுவுமா உனக்குக் கேலியா?"

"கேலி இல்லடி. நம்ம பாலனுக்கு இடது கால் சுண்டுவிரல் மூளி. இவனுக்குப் பத்தும் பத்தா இருக்கு. யார் வீட்டுப் புள்ளையத் தூக்கிட்டு வந்த?"

பல்பினா குனிந்து பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மெழுகுதிரித் திருநாளில் கித்தோ நகரமே தன் வீட்டுக் குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ கோவிலுக்கு வந்துவிடும். பீடத்தின் படிகளில் முந்நூறு பாலன்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். எல்லோருக்கும் அதே ரோசாக் கன்னம், அதே தூக்கிய கை. இந்த வருடம் சிவப்பு வெல்வெட் அங்கி மோகம் வேறு. தீர்த்தம் தெளித்து முடிந்ததும் ஒரே தள்ளுமுள்ளு. ஆள் மாறாட்டம் நடக்காத வருடமே கிடையாது.

மற்றவர்களுக்கு அது வருடம் முழுக்கச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை. பல்பினாவுக்கு அப்படியில்லை. அந்தப் பாலன் அவளுடையதல்ல, தெருவுடையது. வருடத்துக்கு ஒரு வீடு என்று சுற்றி வருகிறது. சந்தையில் பன்றிக்கறி சுட்டு விற்கும் பல்பினா தன் முறைக்குப் பத்தொன்பது வருடம் காத்திருந்தாள். இன்று மாலை நான்கு மணிக்கு, சான் ரோக்கே கோவில் வாசலில் மேளதாளத்தோடு அடுத்த வீட்டிடம் ஒப்படைக்க வேண்டும். முப்பது வருடம் முன்பு ஒருவன் பாலனை டாக்சியில் மறந்துவிட்டான். அன்று மாலையே கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்த வீட்டுக்கு அப்புறம் முறையே வரவில்லை. தெரு இன்றும் அதை டாக்சி வீடு என்றுதான் சொல்கிறது.

"வெளிய மூச்சு விட்டுடாத," என்று கணவனை எச்சரித்துவிட்டு, பத்துவிரல்காரனைத் தூக்கிக்கொண்டு பல்பினா இறங்கினாள்.

சான் பிரான்சிஸ்கோ காலியாக இருந்தது. எவ்வளவு அவசரமானாலும் அந்தக் கோவிலுக்குள் அவளால் ஓட முடியாது. தலைக்குமேல் செதுக்கிய மரமும் தங்கமும். பீடத்தின் உச்சியில் சிறகு வைத்த மாதா, ஆடப்போகிறவள் போல இடுப்பை லேசாக ஒடித்து நிற்கிறாள். நாற்பத்தாறு வருடமாகப் பார்க்கிறாள், இன்னும் அலுக்கவில்லை. ஒரு நிமிடம் நின்று, "அம்மா, உன் புள்ளைய நீதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்," என்று முறையிட்டாள்.

கோவில்பிள்ளை கையை விரித்தான். "யாரும் வந்து கேக்கலையே. ஆனா இந்தக் கோதுமைக்கதிர் ஜரிகை இருக்கே, இது லா ரோந்தாச் சந்துல தைக்கிற மத்தில்தே கைவேலை. அங்க போய்க் கேளுங்க."

தெருவுக்கு ஒரு கோவில் கட்டியவர்கள், போகிற வழியில் கண்ணை மூடிக்கொள்ள ஒரு வழியும் வைக்கவில்லை. கொம்பாஞியா கோவிலின் கதவு திறந்திருந்தது; உள்ளிருந்த தங்கம் வெயிலோடு போட்டி போட்டது. ராணி வளைவைத் தாண்டினால் கார்மேல் மடம். முகம் காட்டாத கன்னியர் சுழலும் மரப்பெட்டி வழியாகத் தேன் விற்றுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு நாளாக இருந்தால் அங்கே நின்று, பெட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளோடு கால்மணி நேரம் வம்பளந்திருப்பாள்.

வளைந்து இறங்கும் லா ரோந்தாச் சந்தில், ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்த மத்தில்தே பாலனைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"மறுபடியுமா?"

"என்ன மறுபடியும்?"

"ஒண்ணுமில்ல. ஓரத்தத் திருப்பிப் பாரு."

அங்கியின் உள்மடிப்பில் ஒரு வெள்ளைத் துணி. அதில் அச்சடித்த மாதிரி எழுத்து: 'சான் மார்க்கோஸ், கோவிலுக்கு எதிரே, நீலக் கதவு. தெல்ஃபினா.'

"தொலையும்னு தெரிஞ்சே விலாசம் தச்சு வச்சிருக்காளே!"

"தபால் ஆபீஸ்ல முப்பது வருஷம் இருந்தவ. விலாசம் இல்லாம எதையும் அனுப்பமாட்டா," என்றாள் மத்தில்தே. கண்ணாடியை இறக்கி மறுபடி தைக்கத் தொடங்கினாள்.

சாந்தோ தொமிங்கோ சதுக்கத்தைப் பல்பினா ஏறக்குறைய ஓடியே கடந்தாள். சான் மார்க்கோஸ் அந்த இரைச்சலுக்குச் சம்பந்தமே இல்லாத ஊர் மாதிரி அமைதியாக இருக்கும். தெருக்கோடியில் வெள்ளையடித்த சின்னக் கோவில், மாடங்களில் சிவப்புப் பூத்தொட்டிகள். நீலக் கதவை ஒரு தட்டுத்தான் தட்டினாள், திறந்துகொண்டது. மெலிந்த கிழவி, தலை வாரி, காதில் தோடு போட்டு நின்றாள்.

"வா மகளே. உன் புள்ள சமத்தா இருக்கான். உக்காரு, காப்பி ஊத்தியாச்சு."

மேசைமேல் மூளி விரலைக் காட்டிக்கொண்டு பாலன் படுத்திருந்தான். பல்பினாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிரோடு கோபமும் வந்தது.

"மாறிப்போச்சுன்னு தெரிஞ்சும் சும்மா உக்காந்திருந்தீங்களா? கோவில்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாது?"

"நீ வருவன்னு தெரியும். ஒரு வாய் காப்பி..."

"காப்பியா! நாலு மணிக்கு என் மானம் சந்தி சிரிக்கப் போகுது, உங்களுக்குக் காப்பி! கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடுங்க, இல்லைன்னா வீட்டுல இருங்க. அடுத்தவ புள்ளையத் தூக்காதீங்க!"

"கண்ணு நல்லாத்தான் தெரியுது," என்றாள் தெல்ஃபினா மெதுவாக. பிறகு பத்துவிரல்காரனை வாங்கி வைத்துவிட்டு, மேசைமேல் இருந்த பாலனை உள்ளே எடுத்துப்போய்ச் சால்வையில் பதமாகச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மணி நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பல்பினா சான் ரோக்கே கோவில் வாசலில் நின்றாள். மேளம் முழங்கியது, வெடி வெடித்தது. ஒப்படைக்கச் சால்வையைப் பிரித்தபோது பாலனின் காலடியில் இலையில் மடித்து அவித்த இனிப்புப் பணியாரம் இரண்டு இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேசைமேல் கோப்பை இரண்டு இருந்தது. எதிர் நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது. கதவைத் தட்டுவதற்கு முன்பே காப்பி ஊற்றியிருந்தது. 'மறுபடியுமா?' கிழவி தவறி எடுக்கவில்லை. யாராவது தேடிக்கொண்டு வந்து தன் கதவைத் தட்டட்டும் என்று வருடா வருடம் எடுத்திருக்கிறாள்.

பல்பினா அத்தனை பேர் முன்னால் அழுதாள். பாலனைப் பிரிகிற துக்கம் என்று தெரு உருகியது. ரொசெந்தோவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள்.

அந்த வருடத்தில் இரண்டு தடவை கறிப் பொட்டலத்தோடு சான் மார்க்கோஸ் வரைக்கும் போனாள். என்ன சொல்லிக் கதவைத் தட்டுவது? வெட்கம் பிடுங்கித் தின்றது, தெருமுனையிலிருந்தே திரும்பிவிட்டாள். கிறிஸ்துமஸ் கழிந்ததும் சந்தையில் சின்னதாக ஒரு பாலனை வாங்கிக்கொண்டு மத்தில்தேயிடம் போனாள். "சிவப்பு வெல்வெட், அதே கோதுமைக்கதிர். உள்மடிப்புல என் விலாசம்," என்றாள். மத்தில்தே சிரித்தபடி நூலைக் கோத்தாள்.

மெழுகுதிரித் திருநாள் வந்தது. தீர்த்தம் தெளித்து, தள்ளுமுள்ளு தொடங்கியதும், தெல்ஃபினா யாருடைய பாலன்மேல் கை வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பல்பினா தன் பாலனை அவள் பக்கம் நகர்த்திவிட்டு அவளுடையதைச் சால்வைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறினாள். வாசலைத் தாண்டும் முன் சிறகு வைத்த மாதாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். திருடினதற்கு மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் ரொசெந்தோவைச் சந்தைக்கு விரட்டிவிட்டு மேசையைத் துடைத்தாள். கோப்பை இரண்டு வைத்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு மணியானது. இரண்டானது. காப்பியை மூன்றாம் முறை சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

தெல்ஃபினா நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கையில் சின்னப் பாலன், காதில் அதே தோடு.

"திருடி! இந்த வயசுல என்னை இவ்வளவு மேடு ஏற வச்சுட்டியே," என்றவள் உள்ளே எட்டி மேசையைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"காப்பி ஊத்தியாச்சா, மகளே?"