பன்னிரண்டு பெட்டி மியூட்

நான்கு மாதமாகத் தோத்தாத்ரியுடன் தினமும் பேசுகிற ஹெப்சி, இதுவரை அவன் முகத்தைப் பார்த்ததில்லை. கல்லூரியில் பாதி வாரம் வகுப்பு, பாதி வாரம் ஆன்லைன். அவள் ஏ பேட்ச், அவன் பி பேட்ச். அவள் தாம்பரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நாளில் அவன் பெருங்களத்தூர் வீட்டில் லேப்டாப் முன்னால் இருப்பான். கேமரா எப்போதும் ஆஃப். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வண்டலூர் வெள்ளைப்புலி படம்.

இன்று இரண்டு பேட்சும் ஒரே வகுப்பில். ஏரிகளைப் பற்றி இருவரும் சேர்ந்து செமினார் எடுக்க வேண்டும். போன தடவை ஹெப்சி வாங்கியது இருபதுக்கு ஏழு. இன்று குறைந்தது பதினைந்து வராவிட்டால் அரியர்தான்.

புலிக்குப் பதிலாக, நெட்டையாக ஒருத்தன் எழுந்து வந்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் அதே குரல். ஹெப்சிக்கு உயிர் வந்தது.

மூன்றாவது ஸ்லைடு. ஜன்னலுக்கு வெளியே மின்சார ரயில் தடதடத்தது. தோத்தாத்ரி பாதி வாக்கியத்தில் நின்றான். விரல் மட்டும் மேசையில் எதையோ தேடியது.

"மச்சான், ஆளு ஹேங் ஆயிட்டான்டா!"

"ரீஸ்டார்ட் பண்ணுங்கடா!"

வகுப்பே சிரித்தது. சரோஜினி மேடம் பேனாவை எடுத்தார். அந்த ஏழு ஹெப்சியின் கண் முன்னால் வந்து நின்றது.

அப்போதுதான் அந்த விரல் எதைத் தேடுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவன் வீட்டுக்குப் பின்னாலேயே தண்டவாளம். ஆன்லைன் ஒத்திகையில் ரயில் வந்தாலே மியூட் பட்டனைத் தட்டிவிடுவான். அது போகும்வரை இவள் அடுத்த பாயின்ட்டைப் பேசுவாள். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று இருவரும் பேசி வைத்ததே இல்லை.

"மழைத்தண்ணி இந்தக் கால்வாய் வழியாத்தான் ஏரிக்குள்ள வருது," என்று சட்டென ஆரம்பித்தாள். கடைசிப் பெட்டி கடந்தது.

"வர்ற வழிய அடைச்சா, தண்ணி நம்ம வீட்டுக்குள்ள வரும்," என்று அவன் தொடர்ந்தான். இப்போது வகுப்பை நேராகப் பார்த்தான்.

அதற்குப் பிறகு இரண்டு ரயில்கள் போயின. இரண்டு தடவையும் அவன் நிறுத்தினான், இவள் எடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"யார் எப்பப் பேசணும்னு இவ்ளோ கரெக்டா பிரிச்சு வச்சிருக்கீங்க! டைமிங் போட்டது யாரு?" என்றார் மேடம்.

"ரயில்வே, மேடம்," என்றாள் ஹெப்சி.

பதினேழு.

வெளியே வந்ததும் அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இவ்ளோ குள்ளமா நீ? குரலக் கேட்டா ஆறடின்னு நெனச்சேன்."

"போடா ஒட்டடைக்குச்சி. அங்க பட்டனே இல்ல, என்னத்தடா தேடுன?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ரயில் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு கையைக் கட்டி நின்றான்.

ஹெப்சியும் பன்னிரண்டு பெட்டி போகட்டும் என்று சிரித்தபடி காத்திருந்தாள்.