சம்மந்தி கொண்டுவந்த ஸ்கோப்

என் மகன் ஸ்ரீகாந்தின் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடமிருந்து ஒரு டம்ளர்கூட வாங்கவில்லை. என் அப்பாவும் வாங்கியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, எங்கள் குடும்பத்து வழக்கம் அது.

மருமகள் ஷர்மிளா துப்பாக்கி சுடும் வீராங்கனை. குப்புறப் படுத்து முந்நூறு மீட்டர் தூரத்து இலக்கைச் சுடுவாள். குண்டு எங்கே துளைத்தது என்பது அவ்வளவு தூரத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, சுட்ட பிறகு அதில் பார்க்க வேண்டும். மாநில அணித் தேர்வு நெருங்கும் நேரத்தில் அவளுடைய பழைய ஸ்கோப்பில் பூஞ்சை படிந்துவிட்டது.

ஆவடியிலிருந்து அவள் அப்பா உத்தமன் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். கைப்பைக்குள் அடங்கும் அளவு. கண் வைக்கும் குழல் மேல்நோக்கி வளைந்திருந்தது. ஷர்மிளா கூடத்துத் தரையிலேயே படுத்து, தோளை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பி அதில் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை நானும் கண்டேன். இருந்தும் வேண்டாம் என்றேன்.

"இது உங்க ஊட்டுக்கு இல்ல சம்மந்தி, எம் பொண்ணு கண்ணுக்கு" என்றார் உத்தமன், சிரித்தபடி.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வேண்டியதை நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று சொல்லி, காபி கொடுத்து, டப்பாவையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

மறுவாரம் நானே கடைக்குப் போனேன். அவர் கொண்டுவந்ததைவிடச் சிறியதாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் நினைப்பு. நீளமான நேர்க்குழல் ஸ்கோப்பும் உயரமான முக்காலியும் வாங்கினேன். விடியற்காலையில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால், அயனம்பாக்கம் ஏரியின் அக்கரையில் உட்கார்ந்திருந்த நீர்க்காகத்தின் அலகு வளைவுகூடத் தெரிந்தது.

"சின்னதா, வளைஞ்சதா இருந்தாதான் படுத்துகிட்டுப் பாக்க வசதி மாமா" என்றாள் ஷர்மிளா, தயங்கி.

பழகினால் சரியாகிவிடும் என்றேன்.

தேர்வு நாளன்று உச்சி வெயில். முக்காலியின் கால்கள் முழங்கையில் இடித்ததால் அதைத் தள்ளி வைத்தாள். ஒவ்வொரு முறையும் மார்பை உயர்த்தி எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி படுத்து நிலைக்கு வர வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்தும், பெரிய ஸ்கோப்பில் கானலும் பெரிதாகத் தெரிந்து, இலக்கு தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்ததாம். நேரம் போதாமல், பாதிக்குமேல் பார்ப்பதையே விட்டுவிட்டாள். காற்று குண்டுகளை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது. அணியில் அவள் பெயர் வரவில்லை.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த உத்தமன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதன்பின் ஷர்மிளா துப்பாக்கி சுடும் கிளப்பின் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குப் போகவில்லை. கேட்டால் ஆபீஸ் வேலை என்றாள். பொறுக்காமல் ஒருநாள் ஆவடிக்குப் போய், அந்தச் சின்ன ஸ்கோப்பைக் கேட்டேன். சம்மந்தி வீட்டில் ஒரு பொருளைக் கேட்க என் நாக்கு எவ்வளவு கனத்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

"கிளப்புல ரேஷ்மான்னு ஒரு பொண்ணு, அவளாண்ட குடுத்துட்டேன் சம்மந்தி. சும்மா கெடந்துகினு இருந்திச்சு. நீங்க அப்பவே..." என்றவர், மீதியை முடிக்காமல் உள்ளே பார்த்துத் தண்ணீர் கேட்டார். வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், அதேபோல் ஒன்று வாங்கித் தருகிறேன் என்று ஷர்மிளாவிடம் சொன்னேன்.

"வேணாம் மாமா. துப்பாக்கி லாக்கர் சாவிய கிளப்புல திருப்பிக் குடுத்துட்டேன்" என்றாள்.

குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்று எப்போதும்போல் கேட்டாள்.