சாப்பாட்டு மேசைக்குக் கீழ முளைச்ச ஈரப்பலா

சாளைத்தீவில ஈரப்பலா எங்க குருத்து விடுதோ, மரத்துக்காரர் அங்கதான் அடுப்பு வைக்கோணும். வேர் நிலத்துக்குக் கீழால போய், போன வழியில எங்கயாவது முளைக்கும். சங்கக்கடை மனேச்சரின்ர மரம் பஸ் தரிப்பிடத்தில முளைச்சு, அவையள் ரெண்டு வருசம் அங்கதான் சமைச்சவை. பஸ்ஸுக்கு நிக்கிற சனம் உப்புப் பார்த்துச் சொல்லும். மூண்டு நாளுக்குள்ள அடுப்பை மாத்தாட்டி, மரம் காய்களைத் திரும்ப உள்ளுக்கு இழுத்துப்போடும்.

ஞானசீலியிட்ட இருந்தது ஒரேயொரு மரம். காயைச் சீவிப் பொரிச்சு, உப்பும் தூளும் பிரட்டி, இறங்குதுறையில வித்துத்தான் அவவின்ர சீவியம். நாப்பத்தாறு வயசு, தனி ஆள், சொந்த வீடு, சொந்த அடுப்பு. ஒருத்தரின்ர குசினியிலயும் போய் நிண்டதில்லை. நிக்கிற யோசனையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலமை பக்கத்து வீட்டு சூசைதாசன் வேலியடிக்கு வந்தார். வள்ளம் கட்டுற தச்சர். ஒன்பது வருசத்துக்கு முதல் "என்னைக் கட்டுவீரோ?" எண்டு கேட்டவர். "யோசிச்சுச் சொல்லுறன்" எண்டா அவ. யோசிக்கிற ஆளை இடைஞ்சல் செய்யக்கூடாது எண்டு அவர் அதுக்குப் பிறகு கதைக்கேல்லை.

"உம்மட மரம் என்ர சாப்பாட்டு மேசைக்குக் கீழ வந்திட்டுது."

"எவ்வளவு உயரம்?"

"ஒரு சாண்."

"சின்னனில கிளப்பினா வாடிப்போம். முழங்காலுக்கு வரட்டும், வேரோட வெட்டிக்கொண்டந்து என்ர வளவுக்க நடுறன். அடுப்பும் வீட்டுக்கு வந்திடும்."

"அதுவரைக்கும்?"

அவ மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கினா.

அவரின்ர வீட்டில மேசைக்குக் கீழ குனிஞ்சு பார்த்தா, சீமெந்து நிலத்தில வட்டமா ஒரு குழி. குழிக்குள்ள வேர். வேரில மூண்டு வெட்டு. ஈரப்பலா வேர் சும்மா முளைக்காது, காயம் பட்ட இடத்திலதான் முளைக்கும்.

"இதென்ன?"

"உளி கைதவறி விழுந்திட்டுது."

"மூண்டு தரமோ?"

"வழுக்கிற உளி."

"சீமெந்தையும் துளைச்சுக்கொண்டோ?"

"கூரான உளியும்தான்."

அவ காயைச் சீவத் தொடங்கினா. பாதி சீவி முடிய, "இதுக்கு ஒன்பது வருசமோ?" எண்டு கேட்டா.

"வேர் வந்து சேரவேணுமே. வேலியடியிலயிருந்து, ஒவ்வொரு நாளும் ஒரு வாளி தண்ணி ஊத்தி ஊத்திக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

அண்டைக்குப் பொரியல் கருகிப்போச்சு.

ஒவ்வொரு விடியலும் அவ குருத்துக்குப் பக்கத்தில காலை வைச்சு அளந்து பார்ப்பா. அவர் மேசையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிப்பார். பத்தொன்பதாம் நாள் இலை முழங்காலில முட்டிச்சுது. அவ மண்வெட்டியை எடுத்தா. அவர் மேசையை ஒதுக்கி வைச்சிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நிண்டார்.

"வேரைக் கொஞ்சம் நீளமா விட்டு வெட்டும். அப்பதான் பிடிக்கும்."

மண்வெட்டிச் சத்தம் கேக்கேல்லை.

"ஆரின்ர முழங்கால் எண்டு நான் சொன்னனானோ?"

"உம்மடதெண்டுதான்…"

"ஒருத்தரின்ர பேரும் சொல்லேல்லை. இஞ்ச வந்து நில்லுங்கோ."

அவர் வந்து நிண்டார். நெட்டை மனுசன். அவ குனிஞ்சு விரல் வைச்சுப் பார்த்தா.

"இன்னும் நாலு விரல் கிடக்கு."

"அது ரெண்டு கிழமையில வந்திடும், சீலி."

"வந்தா, மேசையில ஏறி நில்லுங்கோ."

மண்வெட்டியை மூலையில சாத்தி வைச்சிட்டு அவ உலை வைச்சா.

மத்தியானம் சாப்பிட இருக்கேக்க, அவவின்ர வீடு அடுப்பைத் தேடி வேலியைத் தாண்டி வந்து, முத்தத்தில ஒரு ஓரமா நிண்டது. யன்னலெல்லாம் சாத்திக் கிடந்தது.

சூசைதாசன் எட்டிப் பார்த்தார். "சாப்பிட்டுதோ?"

"காலமையும் ஒண்டும் இல்லை" எண்டு சொல்லி, ஞானசீலி இன்னொரு தட்டில சோறு போட்டா.