கெலிண்டன் சீட்டு

…தூசிதான், தூசியாகத்தான் இருக்கவேண்டும், முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட ஒரு புள்ளி, ஆனால் காலையில்தானே ரோய்ஸ்டன் கண்ணாடியைத் துடைத்து வைத்ததாகச் சொன்னார், துடைத்த கண்ணாடியில் தூசி எங்கேயிருந்து வரும், தினேஸ்வரி தலையை ஒரு சாண் சாய்த்துப் பார்த்தாள், புள்ளி மலையை விட்டு விலகி மேகத்தின் மேல் போய் நின்றது, அப்பாடா, பூச்சி அடித்த கறை. விமானமாக இருந்தால் தலையைச் சாய்த்ததற்கெல்லாம் மலையை விட்டு இடம் மாறியிருக்காது. ரோய்ஸ்டன், அவளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர், முதல் நாளே சொன்னது இதுதான், கண்ணாடியில் நகர்ந்துகொண்டே போகிற விமானத்துக்குப் பயப்படாதே, அது உன்னைத் தாண்டிப் போய்விடும், ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வருகிறது பார், அதுதான் உன்மேல் வந்து மோதப்போவது… முதல் நாள் பாடம் சொல்கிற பேச்சா இது! அன்றைக்குச் சிரித்தாள். இன்றைக்கு ஈப்போ ஓடுபாதையை விட்டு மேலே ஏறிக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது, அதற்குள் பூச்சிக் கறையைப் பார்த்தெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்துகொண்டிருக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறாள், பார்க்கப் பார்க்க வானம் முழுக்கப் புள்ளியாகத்தான் தெரிகிறது.

அன்றைக்கு லகாட் ஊருக்கு மேலே… வேண்டாம், நினைக்காதே என்றால் மனசு கேட்கிறதா? தனியாகப் பறந்துகொண்டிருந்தாள், கீழே பழைய ஈயக் குட்டைகள் தகடு தகடாக மின்னின, காலையில் அரைத்த சட்னியில் உப்பு கூடிப்போனதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள், ஆமாம், சட்னி, சாகப்போகிற நேரத்தில் மனுஷி சட்னியையா நினைப்பாள், நினைத்தாளே, அப்போது அவளுடைய இன்ஜினுக்குக் கீழேயிருந்து வெள்ளையாக ஏதோ வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, இறக்கை, கூரைக் கண்ணாடி, அதற்குள் ஓட்டுகிறவரின் நீலத் தொப்பி, பிறகு வால், போய்விட்டது. அவ்வளவுதான். அந்த மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, தன் தலைக்கு மேல் ஒருத்தி போனாள் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. அவளும்தான் என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை, செய்வதற்கு நேரமே இல்லை, தப்பித்ததில் அவள் கெட்டிக்காரத்தனம் துளியும் கிடையாது. அதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையானால் கிளப்புக்குப் போவாள், விமானத்தைச் சுற்றி வந்து டயரைத் தொட்டுப் பார்ப்பாள், ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். போன வாரம் புருஷனிடம் சொல்லியாகிவிட்டது, "இந்த வாட்டியும் முடியலன்னா விட்டுர்றேங்க, ஹெட்செட்ட யாருக்காச்சும் குடுத்துர்றேன்." சொல்லிவிட்டுக் குளியலறையில் போய் அழுதாள். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிற கைகள் இவை, எத்தனை வருஷ ஆசை, இதை விட்டால் அவளுக்கென்று என்ன இருக்கிறது?

அந்தப் புருஷன்தான் இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், மகேந்திரன், சிம்பாங் பூலாய்ப் பக்கம் மலையிலிருந்து கல் ஏற்றி இறக்குகிற லோரி ஓட்டுகிறவர், அத்தனை பெரிய லோரியை வளைவு வளைவாக இறக்குகிற மனுஷன் பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறினால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அவர்தான், "ஒனக்குத் தனியாப் போவப் பயம்னா நான் வாரேன் லா, கெலிண்டன் வேல பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்து ஏறினார். லோரியில் ஓட்டுநருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, அவர் கண்ணுக்குப் படாத பக்கத்தைப் பார்த்து, வா, போ, நிறுத்து என்று குரல் கொடுக்கிறவன் கெலிண்டன். ஆனால் இங்கே விமானி உட்காருவது இடப்பக்கம், ஆகவே மகேந்திரனுக்குக் கிடைத்தது வலப்பக்கம், லோரியில் அவர் ஸ்டீயரிங் பிடிக்கிற பக்கம், பாவம், ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்து கெலிண்டன் வேலை, கால் மட்டும் பழக்கத்தில் பிரேக்கைத் தேடித் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. எச்சரிக்கைப் பெட்டியும் அவர் வாங்கியதுதான். சிகரெட் பெட்டி அளவுதான் இருக்கும், ஜன்னலில் ஒட்டிக்கொண்டு மற்ற விமானங்கள் 'நான் இங்கே இருக்கிறேன், இந்த உயரத்தில் வருகிறேன்' என்று ஓயாமல் அனுப்புகிற சேதியைக் கேட்டு, அவர் மடியில் இருக்கிற டேப்லட்டில் அம்புக்குறியாகப் போட்டுக் காட்டும், கிட்டே வந்தால் அம்பு மஞ்சளாகும், ரொம்பக் கிட்டே வந்தால் சிவப்பாகிக் காதில் மணி அடிக்கும். "அதையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க அண்ணே," என்று ரோய்ஸ்டன் கிளம்பும்போது மகேந்திரனிடம் சொன்னார், "சேதி அனுப்பாத பழைய பிளேனும் இருக்கு, அது இதுல வராது, வெளியிலயும் பாக்கணும்." "ஆ, தெரியும் தெரியும்," என்றார் இவர், என்ன தெரியுமோ!

ஆனால் போகும்போது மனுஷன் நன்றாகத்தான் பார்த்தார், அதையும் சொல்லவேண்டும். வடக்கே சுங்கை சிப்புட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள், ரப்பர் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை, மேலேயிருந்து பார்த்தால் பச்சைப் பாய் விரித்த மாதிரி, "எடது பக்கம் ஒண்ணு லா," என்றார் திடீரென்று, "தூரமா இருக்கு, பத்துன்னு போட்டிருக்கு, பத்துன்னா ஆயிரம் அடி மேல, அப்படித்தானே?" அவள் இடப்பக்கம் மேலே பார்த்தாள், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, அட, இதோ, மேகத்தின் ஓரத்தில் குட்டியாக, வெள்ளையாக, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று இந்த இருக்கையில் உட்கார்ந்து சிரித்து. வானத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் பயந்துகொண்டிருந்ததற்குப் பதில், இங்கே பார் என்று ஒருவர் சொல்ல, அங்கே பார்த்தால் அது இருக்கிறது, இவ்வளவுதானே வேண்டும் ஒரு மனுஷிக்கு. "பாத்தியா?" என்றார். "பாத்துட்டேங்க." "அப்புறம் என்ன, போலாம் போலாம், ஜாலான்!" லோரிக்காரர் குரல் ஹெட்செட்டுக்குள் கணீரென்று கேட்டது. முதல் தடவையாகத் தோளை இறக்கிவிட்டு மூச்சு விட்டாள்.

சுங்கை சிப்புட் ஊருக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றித் தெற்கே திரும்பியதும் சாயங்கால வெயில் வலப்பக்கம் வந்து மகேந்திரன் முகத்தில் அடித்தது. அவர் யோசிக்கவே இல்லை, கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து ஜன்னலுக்கு மேலே செருகித் தொங்கவிட்டார், லோரியில் நாள் தவறாமல் செய்கிற காரியம், வெயில் பட்ட பக்கம் துண்டு. எடுக்கச் சொல்லவேண்டும் என்று நினைத்தாள், பாவம் வேர்த்துக் கொட்டுகிறதே, கொஞ்ச நேரம்தானே என்று விட்டுவிட்டாள், ஏன் விட்டாள், பயம் தெளிந்தால் புத்தியும் கூடவே போய்விடுமா? மலைகள் இப்போது இடப்பக்கம், எதிரே தூரத்தில் ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள், அடுத்த ஞாயிறும் வரலாமா என்று அவள் நினைக்க ஆரம்பித்த நேரத்தில் மணி அடித்தது. டிங், டிங், டிங். "அலாமாக்," என்றார் மகேந்திரன், "மஞ்சளு… எடது பக்கம் தினேசு, எடது பக்கம் வருது, ரெண்டுன்னு போட்டிருக்கு… இப்ப ஒண்ணு…" இடப்பக்கம் பார்த்தாள். மலை, மேகம், பூச்சிக் கறை, தலையைச் சாய்த்தாள், கறை நகர்ந்தது, வேறு ஒன்றும் இல்லை. "எங்கங்க?" "எடது பக்கம் லா! செவப்பாயிருச்சு! கோசோங், சைபர் போட்டிருக்கு, நம்ம ஒசரமேதான்!" இடப்பக்கம் யாருமே இல்லையே, இருக்கிறது என்கிறாரே, பார்க்கிறேன், தெரியவில்லையே, மறுபடியுமா, மறுபடியும் பார்க்காமலே போய்ச் சேரப்போகிறேனா, ஏன் தெரியவில்லை, போகும்போது தெரிந்ததே, போகும்போது… போகும்போது வடக்கே போனோம். சடாரென்று அவர் மடியைப் பார்த்தாள். ஐயோ! படத்தில் அவளுடைய விமானம் தலைகீழாகக் கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மனுஷனுக்குப் போனில் வரைபடம் வண்டியோடு சேர்ந்து சுழன்றால் தலை சுற்றும், எப்போதும் வடக்கை மேலே நிறுத்திவைத்துக்கொண்டுதான் பார்ப்பார், மனப்பாடமான சாலையில் அதனால் ஒன்றும் ஆகாது, அதே மாதிரி இதையும் நிறுத்திவைத்திருக்கிறார்! வடக்கே போகும்போது படத்தின் இடது அவளுக்கும் இடது. தெற்கே திரும்பிவிட்டால்? வலது!

கையை நீட்டித் துண்டை இழுத்தாள். வெயில் கண்ணில் குத்தியது, அந்த வெயிலுக்குள், மகேந்திரன் காதுக்குப் பக்கத்தில், அவருடைய ஜன்னலிலேயே, அது நின்றுகொண்டிருந்தது. நகரவில்லை. ரோய்ஸ்டன் சொன்ன மாதிரியே, துளிகூட நகராமல், பெரிதாகிக்கொண்டிருந்தது. நினைத்துப் பார்த்தால் இந்த இடத்தில்தான் அவள் கல்லாகிப் போயிருக்கவேண்டும், ஆகவில்லை, என்ன ஆச்சரியமோ, மனசுக்குள் ஒரு சத்தமும் இல்லை, அட, நீ இங்கேயா இருக்கிறாய் என்று தோன்றியது, அவ்வளவுதான். வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் வழி, ரவுண்டபௌட்டில் விடுவதில்லையா, அதே சட்டம்தான் வானத்திலும், முன்னால் குறுக்கே ஓடக்கூடாது, அதன் முதுகுக்குப் பின்னால் போகவேண்டும், முதுகுக்குப் பின்னால் போவதென்றால் அதைப் பார்த்தே திரும்பவேண்டும். திருப்பினாள். விமானத்தின் மூக்கையும் கீழே அழுத்தினாள். "என்னடி, அது மேலயே போற!" என்று அலறினார் மகேந்திரன், இரண்டு காலாலும் இல்லாத பிரேக்கை மிதித்தார். இப்போது அது நகர்ந்தது. கண்ணாடியில் வலமிருந்து இடமாக, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, நகர்ந்தது, நகர்ந்தது, அந்த நகர்தலைப் போல ஓர் அழகை அவள் பார்த்ததில்லை, சிவப்புக் கோடு போட்ட வெள்ளை விமானம், மேலே இடப்பக்கமாகத் தாண்டி மலையைப் பார்த்துப் போயிற்று. கொஞ்சம் பொறுத்து ரேடியோவில் ஒரு பெண் குரல், சின்ன வயதுதான் இருக்கும், உங்களைப் பார்த்துவிட்டேன், நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னது. தினேஸ்வரியும் நன்றி சொன்னாள். பார்த்துவிட்டாள். இந்த முறை அவள் பார்த்தாள், அவள் கைதான் திருப்பியது. கண்ணீர் வந்தது, துடைக்கத் துண்டுதான் கையில் இருந்தது, வேர்வை நாற்றம் நாறியது, துடைத்துக்கொண்டாள்.

"எம்மேல தப்பு லா," என்றார் மகேந்திரன், முகம் வெளுத்துப்போய் வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது, "எஞ்சன்னல்லயே வந்துச்சு, நான் குனிஞ்சு படத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன், பாரேன் கூத்த." "போனாப் போவுது விடுங்க," என்றாள், "அந்த மணி அடிக்கலன்னா நான் தேடியே இருக்கமாட்டேன்." "அடுத்த வாரம் ஒழுங்காப் பாக்குறேன்." அடுத்த வாரமாமே! அவளுக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது, கை வேலையாக இருந்ததால், "ஒங்க லோரி கெலிண்டன் தீபன்கிட்ட போயி நாலு நாள் வேல கத்துக்கிட்டு வாங்க," என்று கிண்டல் செய்தாள். "தீபனா? அவன் சிங்கப்பூர் போயி ரெண்டு தீவாளி ஆச்சே." "அப்ப யாரு வர்றா ஒங்க கூட?" "யாரும் இல்ல லா, மொதலாளி தவுக்கே வேற ஆளு போடல, ஒரு ஆளு போதும்ட்டாரு. அந்தச் சீட்டுல சாப்பாட்டு டப்பா வச்சிருக்கேன்." "அப்ப எடது பக்கம் யாருங்க பாக்குறது?" "கண்ணாடி இருக்குல்ல… கண்ணாடில தெரியாத எடத்துல வர்ற மோட்டார்சைக்கிள்காரனுங்க அவனுங்களாப் பாத்து ஒதுங்கிக்குவானுங்க." சாதாரணமாகத்தான் சொன்னார், துண்டை வாங்கி மடித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

ஓடுபாதை எதிரே நீளமாகத் தெரிந்தது, இறங்கலாம் என்று டவரிலிருந்து குரல் வந்தது, அவள் சரி என்று பதில் சொன்னாள், வேகத்தைக் குறைத்தாள், கைகள் தம் வேலையைத் தாமே பார்த்தன, இரண்டு தீபாவளியா, இரண்டு தீபாவளியாகவா அந்தச் சீட்டில் சாப்பாட்டு டப்பா உட்கார்ந்திருக்கிறது, தினம் தினம் அந்த டப்பாவில் சோறு போட்டு மூடிக் கொடுத்தது யார், கல்லோடு மலையிறங்குகிற வளைவில் அவர் கண்ணுக்குப் படாத பக்கத்தில் எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள், அவருக்கே தெரியாது, தெரியாததனால்தான் தூங்குகிறார், அவளுக்கோ ஒரு நாள் நடந்ததற்கு வீடே விழித்திருந்தது, அவளுக்குப் பெட்டி வாங்கினார், கூடவே வந்து ஏறினார், உங்களுக்குத் துணை யாருங்க என்று அவள் ஒரு வார்த்தை… "வலது பக்கம் யாரும் இல்ல, எறங்கு எறங்கு," என்றார் மகேந்திரன், டேப்லட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, நிஜமாகவே வெளியே பார்த்து. சக்கரம் தரையைத் தொட்டது, மெத்தென்று, இத்தனை நாளில் அவள் இவ்வளவு நன்றாக இறக்கியதே இல்லை, நாளைக்குக் காலையில் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது கேட்டுவிடவேண்டும், ஆனால் என்னவென்று கேட்பது, நான் வந்து உட்காரட்டுமா என்றா, வேறு வேலை பாருங்கள் என்றா, இல்லை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றா… அவர் சொல்லாமல் இருந்தாரா, இவள்தான் கேட்காமல் இருந்தாளா?