வில் படுவதற்கு முன்

ஆம்ப்ளிஃபயரில் புது டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்திய பிறகுதான் அந்த இரைச்சல் வந்தது. வயலின் போல வில்லால் வாசிக்கும் செல்லோ தொடங்குவதற்குச் சற்று முன்னால், இடது பக்கத்திலிருந்து, 'ஸ்ஸ்' என்று. அதுவும் சில இடங்களில் மட்டும். எப்போதும் இருக்கிற கோளாறைப் பிடித்துவிடலாம். வந்து வந்து போகிற கோளாறு வீட்டுக்குள் புகுந்த எலி மாதிரி, மனிதனைத் தூங்க விடாது.

சீப்ரன் அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தன் கையாலேயே சுற்றியிருந்தார். அவர் வசித்த ஸ்னேக் ஊரில், பழைய கண்ணாடி வால்வுகளை வைத்து ஆம்ப்ளிஃபயர் செய்பவர்களின் சங்கத்தில் ஒரு விதி உண்டு: சோதிக்கும்போது இசைத்தட்டை மாற்றாதே. தட்டை மாற்றினால் எது ஆம்ப்ளிஃபயர், எது பாட்டு என்று தெரியாமல் போய்விடும். அதனால் அவர் ஒரே தட்டைத்தான் போட்டார். மகள் வெல்மூட் தனியாகச் செல்லோ வாசித்து வெளியிட்ட முதல் தட்டு.

வெல்மூட் வீட்டுப் பக்கம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுடைய முதல் கச்சேரி முடிந்ததும் அவர் சொன்னது, அரங்கத்தின் ஒலிபெருக்கி உறுமுகிறது என்பது மட்டும்தான். தட்டு தபாலில் வந்தபோது சீப்ரன் தீர்மானித்துக்கொண்டார்: ஆம்ப்ளிஃபயர் குறையில்லாமல் அமைந்ததும் அவளைக் கூப்பிட வேண்டும். தனக்குச் சொல்ல வராததை அந்தச் சத்தம் சொல்லிவிடும்.

வால்வுகளை மாற்றிப் பார்த்தார். கம்பிகளைக் குறுக்கினார். இரைச்சல் போகவில்லை.

"உன் பெட்டிக்குச் சளி பிடிச்சிருக்குடா, சுக்கு வெந்நி குடு" என்று சங்கத்து நண்பர் கோஸ்ஸெ சிரித்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. இந்த ஊர்ல இவ்வளவு உயிரோட பாடுற பெட்டி வேற இல்ல. விட்டுடு."

சீப்ரன் விடவில்லை. கீச்சொலிகளை அடக்கும் சின்னக் கண்டென்சர் ஒன்றைப் பற்றவைத்தார். இரைச்சல் அடங்கியது. செல்லோவும் கம்பளிக்குள் போனது போலக் கொஞ்சம் மங்கியது. இதைத்தான் இதமான ஒலி என்பார்கள் என்று தன்னையே நம்ப வைத்துக்கொண்டு, மகளுக்குப் போன் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். அவர் காப்பியும் சர்க்கரை ரொட்டியும் வைத்துவிட்டு ஊசியை இறக்கினார்.

"கேளு, கேளு... இப்ப வரும் பாரு. வரல! பாத்தியா? சுத்தமாப் போயிடுச்சு."

"என்னப்பா போயிடுச்சு?"

"வில்லு படுறதுக்கு முன்னாடி ஸ்ஸ்னு ஒரு இரைச்சல். உசிர வாங்கிடுச்சு."

வெல்மூட் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அது நான் மூச்சு இழுக்கிற சத்தம்ப்பா."

அவர் வாயைத் திறந்தார். "மைக்க அவ்வளவு கிட்டவா வச்சாங்க?" என்பதுதான் வெளியே வந்தது.

அவள் சிரித்தாள். அது சிரிப்பாக இல்லை. "ரெக்கார்ட் பண்ணினவரு வெட்டிடவான்னு கேட்டாரு. நான்தான் இருக்கட்டும்னேன். இந்தத் தட்ட எத்தன தடவ போட்டிருப்பீங்க?"

"எண்ணலயே. தினமும்தான்."

"வாசிப்பு எப்படி இருந்துச்சு?"

எந்த இடத்தில் தட்டில் கீறல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எங்கே அடித்தந்தி அதிர்ந்து மேசையை உலுக்கும் என்று தெரியும். அவள் துக்கத்தோடு வாசித்தாளா, சந்தோஷத்தோடு வாசித்தாளா என்று தெரியவில்லை.

"நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

"சரிப்பா. ரயிலுக்கு நேரமாச்சு."

கதவு சாத்திய சத்தம் கேட்டதும் சீப்ரன் கண்டென்சரை உருவி எடுத்தார். தட்டைத் திரும்பப் போட்டார். வில் தந்தியைக் கடிக்கும் ஓசை திரும்பி வந்தது. தந்தியின் சொரசொரப்பு வந்தது. அதற்கு முன்னால், இடது பக்கம், நாற்காலிக்கு ஒரு முழத் தூரத்தில், அவர் மகள் மூச்சு இழுத்தாள். முன்பிருந்த ஆம்ப்ளிஃபயர் எதுவும் அவளை இத்தனை அருகில் கொண்டுவந்ததில்லை. கையால் சுற்றிய அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் கொண்டுவந்தது. அதைப் போய்ப் பழுது என்று நினைத்து அமுக்கிவிட்டார்.

ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தார். இந்த முறை மகளைத்தான் கேட்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ஸ்.

முதல் வால்வ்தான் இரைகிறது, என்றது மனம்.

மறுபடி வைத்தார். வெல்மூட், வெல்மூட் என்று வாய்விட்டே சொன்னார். ஸ்ஸ்.

முதல் வால்வாகத்தான் இருக்கும், என்றது மனம்.