பத்து நிமிடத்துக்கு மேல்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் வீட்டு மாடிப்படியில் செய்தித்தாளை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகக் கூடாது. சாத்திய கதவுக்குப் பின்னால், நாங்கள் புதுசு என்று கூப்பிடும் என் அலுவலகத்துப் பெண், என் மனைவியிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். காய்கறிப் பையோடு படியேறி வந்த மேல்வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் நின்றார். "என்ன சார், வீட்டுல சண்டையா?" என்றார். "கணக்கெடுப்பு" என்றேன். "அதுக்கு நீங்க ஏன் வெளிய?" என்று கேட்டவர், நான் சொன்ன விளக்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தைகூட நம்பாத முகத்தோடு மேலே போனார்.

என் வேலை அப்படி. மக்கள் நன்றாக இருக்கிறார்களா என்று அளக்கிற அலுவலகத்தில் கள மேற்பார்வையாளன். எனக்குக் கீழே நான்கு பெண்கள். பதில்களைப் பதிய ஆளுக்கொரு டேப்லெட், எங்கள் வாயில் டேப், ஆளுக்கொரு அட்டை. அட்டையில் ஓர் ஏணி, பூஜ்யத்திலிருந்து பத்து வரை படிகள். "உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை மேல்படி, மிக மோசமானது கீழ்ப்படி, இன்றைக்கு நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். இதனால் நான் போகிற தெருக்களில் எனக்கு ஏணிக்காரர் என்று பெயர். ஒரு வீட்டில் ஒட்டடை அடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, ஏணி எங்கே என்று வாசலை எட்டிப் பார்த்தார்கள். நான்கு பேரில் கடைசியாகச் சேர்ந்தவளைப் புதுசு என்று கூப்பிட ஆரம்பித்தோம். சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது, இன்னும் அவள் புதுசுதான்.

இந்தக் கணக்கெடுப்பு பிறந்ததே ஒரு கோபத்தில். எந்த நாட்டு மக்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று வெளியில் யாரோ வருடா வருடம் ஒரு பட்டியல் போடுகிறார்கள். அதில் நாங்கள் மூன்று இடம் சறுக்கினோம். எங்கள் இயக்குநருக்குத் தாங்கவில்லை. "எங்கயோ உட்கார்ந்துக்கிட்டு ஆயிரம் பேர்கிட்ட போன்ல கேட்டுட்டு நமக்கு மார்க் போடறாங்க. நாம முப்பதாயிரம் வீட்டுக்கு நேர்லயே போவோம்" என்றார். போனோம். அதே வருடம் வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் குழு வந்து இரண்டு நாள் வேனில் சுற்றிவிட்டு, இங்கே எல்லார் முகத்திலும் சிரிப்பைக் கண்டோம் என்று எழுதிக் கொடுத்தது. இயக்குநர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அந்த வேனில் நானும் இருந்தேன். அவர்களுக்கு எங்கள் மொழி தெரியாது, மக்களுக்கு அவர்கள் மொழி தெரியாது. இரண்டு பக்கமும் சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

மூன்று வருடத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். எவரைக் கேட்டாலும் தன் வாழ்க்கைக்கு ஏழு போடுவார்கள். தெருவில் மற்றவர்கள் எப்படி என்றால் ஐந்து. நாட்டு மக்கள் பொதுவாக எப்படி என்றால் உதட்டைப் பிதுக்கி நான்கு. கடைசியில், வெளிநாட்டார் நம்மை எந்தப் படியில் வைப்பார்கள் என்று கேட்டால் சட்டென்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒன்பது என்பார்கள், விருந்தாளி வாசலுக்கே வந்துவிட்டதைப் போல. ஒரு தையல்காரர் எனக்கே புத்தி சொன்னார். "நாலுங்கறது நமக்குள்ள சார். அவங்களுக்கு எதுக்குத் தெரியணும், ஒம்பது போட்டுக்குங்க" என்றார். அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

இந்த முறை எட்டு வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிக்கொண்டு வந்ததில் என் கதவில் வந்து நின்றது. சொந்தக்காரர்களை நாமே கேட்கக் கூடாது என்றுதான் விதி. வீட்டைத் தவிர்க்கலாம் என்று எங்கும் இல்லை. வீட்டில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும், அது என் மனைவி. விருப்பமில்லை என்று சொல்லிவிடு, பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "ஊரெல்லாம் போய்க் கேக்கறீங்க, என்னைக் கேட்டா என்ன குறைஞ்சு போகுது? நானும் இந்த நாட்டு ஜனந்தானே?" என்றாள். பதில் சொல்பவர் தனியாக இருக்க வேண்டும் என்பதால், எத்தனையோ புருஷன்மார்களை "அரை மணி நேரம் கடைப்பக்கம் போயிட்டு வாங்க" என்று கிளப்பிவிட்டவன் நான். இப்போது என்னைக் கிளப்பிவிட்டார்கள்.

நாற்பது நிமிடத்தில் முடிகிற கேள்விகள் ஒன்றரை மணி நேரம் ஓடின. இரண்டு தடவை என் மனைவி சிரிப்பது கதவைத் தாண்டிக் கேட்டது. எனக்குத் தெரிந்த சிரிப்புதான், கேட்டு நாளாகியிருந்தது. பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. வெளியே வந்த புதுசு குனிந்து செருப்பை மாட்டினாள். வழக்கமாக ஒன்று கேட்டால் ஒன்பது சொல்பவள், "முடிஞ்சுது சார், நான் அடுத்த வீட்டுக்குப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அலுவலகத்தில் எல்லாப் படிவமும் என் டேப்புக்கு வரும். நான் சரிபார்த்துச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். என் வீட்டுப் படிவத்தைத் திறக்காமல் பக்கத்து மண்டல மேற்பார்வையாளருக்குத் தள்ளியிருக்க வேண்டும். சாக்கு எதுவும் சொல்லப் போவதில்லை. பார்க்க ஆசையாக இருந்தது, பார்த்தேன். தன் வாழ்க்கைக்கு ஏழு போட்டிருந்தாள். பரீட்சையில் தேறிய பையனைப் போல எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாட்டுக்கு நான்கு, வெளிநாட்டார் பார்வைக்கு ஒன்பது. ஊரோடு ஒத்துத்தான் போகிறாள் என்று விரலால் தள்ளிக்கொண்டே வந்தவன், நாற்பத்தொன்றாம் கேள்வி சிவப்பாக இருப்பதைப் பார்த்து நின்றேன்.

"நேற்று நீங்கள் எத்தனை பேரிடம் பத்து நிமிடத்துக்கு மேல் பேசினீர்கள், நேரிலோ போனிலோ?" பதில்: பூஜ்யம். கீழே டேப் தானாகவே எழுதியிருந்தது: "முரண்பாடு. வீட்டில் இருவர். மற்றவர் நேற்று நாள் முழுவதும் வீட்டில் இருந்திருக்கிறார். மீண்டும் கேட்டு உறுதி செய்க." அதற்கும் கீழே இரண்டு பொத்தான்கள், திருத்து, உறுதி செய். நேற்று ஞாயிற்றுக்கிழமை. அந்த மற்றவர் நான். பால் வாங்கக்கூட வெளியே இறங்கவில்லை.

பூஜ்யத்தை ஒன்றாக்க ஒரு தட்டு போதும். ஆனால் முதல் வருடம், தனியாக இருந்த ஒரு பெரியவரைக் கேட்காமலேயே எண் போட்ட பெண்ணை, எல்லார் முன்னாலும் நின்று பேசி வீட்டுக்கு அனுப்பியவன் நான். பக்கத்து மண்டலக்காரருக்குத் தள்ளலாம். அவர் வாய் சும்மா இருக்காது, அவரே போன் போட்டு என் மனைவியிடம் விசாரிப்பார், மறுநாள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும். நானே போய்க் கேட்கலாம். கேட்டால் படிவத்தைத் திறந்து பார்த்தது தெரிந்துவிடும். பதில்களை உங்கள் வீட்டாரிடமும் சொல்ல மாட்டோம் என்று படித்துக் காட்டிய பிறகுதான் கேள்வியே தொடங்கும். அந்த வாக்கை நம்பித்தான் அவள் வாயைத் திறந்திருக்கிறாள். இனி என்னிடம் எதையுமே சொல்லாமல் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. பன்னிரண்டரை மணிக்கு, சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சமையலறையில் மேஜையில் பீன்ஸைக் குவித்து வைத்து, நின்றபடியே நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்ன, உடம்பு சரியில்லையா?" என்றாள். வேலைநாளில் மத்தியானம் நான் வீட்டுக்கு வந்ததே கிடையாது. அங்கே இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்றில் நான் உட்கார்ந்தேன். இன்னொன்றில் தேய்த்த துணி அடுக்கியிருந்தது.

"ஒரு கேள்வியை மறுபடி கேக்கணுமாம்."

"யாரு கேக்கணும்?"

"ஆபீஸ்."

"ஆபீஸ்னா நீங்கதானே." கத்தி நின்றது. "அப்போ எல்லாத்தையும் பாத்தாச்சு."

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "பாத்துட்டேன்" என்றேன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு அந்தப் பொண்ணு படிச்சுக் காட்டிச்சே."

"அந்தப் பொண்ணு சொல்லல. நான்தான் திறந்தேன். தப்புதான்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான்கு பீன்ஸை நறுக்கி முடித்துவிட்டு, "சரி, கேளுங்க" என்றாள். கேள்வியை டேப்பில் உள்ளபடியே படித்தேன். இருபத்தேழு வருடத்தில் முதல்முறையாக அவளை 'நீங்கள்' என்று கூப்பிட்டேன்.

"யாருமில்லன்னுதான் சொன்னேன். அதேதான்."

"நான் வீட்டுலதானே இருந்தேன்?"

"இருந்தீங்க."

"காலைல குழாய் சரி பண்றப்போ பேசினோமே."

"ஸ்பேனர் எடுன்னீங்க, குடுத்தேன். இது இல்ல, சின்னதுன்னீங்க. அதையும் குடுத்தேன்."

"சாப்பிடறப்போ?"

"உப்பு கம்மின்னீங்க."

"சாயங்காலம் மேட்ச் பாக்கறப்போ ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே உட்கார்ந்திருந்தோம்?"

"உட்கார்ந்திருந்தோம். டிவிதான் பேசிச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன்ல அந்தப் பக்கத்து மண்டலத்துக்காரர்கிட்ட அரை மணி நேரம் பேசினீங்க. சிரிச்சுச் சிரிச்சுப் பேசினீங்க. அது உங்க கணக்குல வரும்" என்றாள்.

தாராளமாகவே கூட்டிப் பார்த்தேன். ஸ்பேனருக்கு ஒரு நிமிடம், உப்புக்கு அரை, விளக்கை அணை, கதவைச் சாத்து, எல்லாம் சேர்த்தும் நான்கு நிமிடத்தைத் தாண்டவில்லை. "அப்புறம் ஏன் ஏழு போட்டே?" என்று கேட்டேன்.

"ஏழுதான். வீடு இருக்கு, பொண்ணு போன இடத்துல நல்லா இருக்கா, நீங்க அடிக்கறது குடிக்கறது கிடையாது. இதுக்குக் கம்மியா போட்டா நல்லாவா இருக்கும்?" பீன்ஸைத் தட்டில் தள்ளினாள். "நான் குறைன்னு எதுவும் சொல்லலையே. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருடத்தில் ஆயிரக்கணக்கான ஏழு என் கை வழியாகப் போயிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும், ஒரு குடும்பம் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதில் எத்தனை இந்த மாதிரி ஏழோ தெரியாது. வேனில் சுற்றியவர்களை அத்தனை கிண்டல் செய்தேன். நான் இருபத்தேழு வருடம் இதே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்துவிட்டு அதைத்தான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் ஒன்றரை மணி நேரம் என்ன பேசினே?" புகார் சொல்வதைப் போலத்தான் வந்தது.

"கேட்டுச்சு" என்றாள். "கேட்டுட்டு, நான் சொல்லி முடிக்கற வரைக்கும் சும்மா இருந்துச்சு. நடுவுல நான் நிறுத்திட்டாக்கூட அப்படியே இருந்துச்சு."

அதைப் புதுசுக்குக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான். கேள்வியைக் கேட்டதும் வாயை மூடு, மனசுக்குள் பத்து வரை எண்ணு, நிஜமான பதில் அதற்குப் பிறகுதான் வரும் என்று பயிற்சி வகுப்பில் நடித்தே காட்டியிருக்கிறேன்.

"உறுதி செய்யட்டுமா?"

"செய்யுங்க. இருக்கறதைப் போடுங்க."

அழுத்தினேன். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. டேப்புக்கு இனி என்னிடம் கேட்க ஒன்றுமில்லை. மணி ஒன்று பத்து. திரும்பிப் போகலாம். டேப்பைக் கவிழ்த்து வைத்தேன்.

"நேத்து பூரா என்ன நினைச்சுக்கிட்டு இருந்தே?" என்றேன்.

அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கவிழ்ந்து கிடந்த டேப்பைப் பார்த்தாள். கத்தியைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்தாள், துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மற்ற நாற்காலியில் இருந்த துணி அடுக்கை இரண்டு கையாலும் அள்ளி, எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தாள். மேஜையில் பீன்ஸ், ஃபிரிட்ஜ் மேல் பழைய செய்தித்தாள்கள். கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, காலியான நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். துணி என் மோவாய் வரைக்கும் வந்தது. நான் அசையவில்லை. மனசுக்குள் பத்து வரை எண்ணினேன். பத்து முடிந்தது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.