மாத்திரை வாந்தி

தெரேசா மெலிய வேண்டும் என்று முதலில் சொன்னவர் நுவரெலியாவில் இருந்த ஒரு டாக்டர். அதுவரை அவளுடைய பருமனை யாரும் நோயாக நினைத்ததில்லை. ராகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவள் புருஷன் றோலண்ட் டீமேக்கர் வேலை பார்த்தான். கொழுந்தைக் காயவைத்துத் தூளாக்கும் ஸ்டோரில் அடுப்புச் சூட்டில் நின்று நின்று வற்றிப்போன உடம்பு அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இருவரும் சேர்ந்து நடந்து போனால் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். "ஐயாவுக்கு ஆக்குறதையும் சேத்து அம்மாதான் சாப்பிடுறாங்க போல" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்து, தெரேசாவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

பிள்ளை இல்லாததுதான் அவளால் சிரிக்க முடியாத விஷயம். கலியாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. மாதா கோயிலில் நவநாள் பிடித்தாள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கண்ணு தன் பங்குக்கு முனியாண்டி கோயில் மரத்தில் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டிவிட்டு வந்தாள். தெரேசா அதைப் பாதிரியாரிடம் சொல்லவில்லை. அவிழ்க்கச் சொல்லவும் இல்லை.

டாக்டர் இங்கிலீஷில் சொன்னதைத் திரும்பிவரும் பஸ்ஸில் றோலண்ட் அவளுக்குத் தமிழில் சொன்னான்.

"உடம்பு கொஞ்சம் இளைச்சா புள்ள தங்குமாம். அதுக்குத்தான் இந்த மாத்திரை. பசி எடுக்காதாம்."

"வேற என்ன சொன்னாரு? ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தாரே."

"வாய் காயுமாம். வயிறு கட்டிக்கிடுமாம். கொமட்டும், சில பேருக்கு வாந்தியும் வருமாம். பயப்பட வேணாம், போகப் போகச் சரியாப் போயிரும்னாரு. ஒரு மாசம் கழிச்சு வந்து காட்டச் சொல்லியிருக்காரு."

"அவ்வளவுதானே" என்றாள் தெரேசா. பிள்ளைக்காக அதைவிடப் பெரிய வேதனைகளுக்கெல்லாம் அவள் தயாராகத்தான் இருந்தாள்.

டாக்டர் சொன்னபடியே எல்லாம் வந்தது. பசி முதல் நாளே போய்விட்டது. சோற்றைப் பார்த்தால் அது யாரோ வேறு ஆளுக்கு வைத்தது போலத் தோன்றியது. நாக்கு அட்டை போல மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ராத்திரியில் தூக்கம் பிடிக்கவில்லை. அம்மாக்கண்ணு வாசலில் கருவாடு காயப்போட்டபோது, அந்த வாடைக்கு ஓடிப்போய்க் கொல்லையில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

அம்மாக்கண்ணு நாற்பதைத் தாண்டிய விதவை. மலைச்சரிவில் விழுந்து கால் பிசகியதிலிருந்து கொழுந்தெடுக்கப் போவதில்லை. ஐந்து பிள்ளைகளைப் பெற்று மூன்றை வளர்த்தவள். தெரேசாவின் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"இந்தக் கருமத்தை முழுங்கித்தான் ஆகணுமாம்மா?"

"ஆகணும் அம்மாக்கண்ணு. புள்ளைக்காகத்தானே."

"அப்பச் சரி. ஆனா வெறும் வயித்துல முழுங்காதீங்க. நாஞ் சொல்றபடி கேளுங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டுச் சமையல் மாறியது. அரிசியை வறுத்து நொய்யாக இடித்துக் கஞ்சி வைத்தாள். ஒரேயடியாகக் குடிக்கச் சொல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுத்தாள். இஞ்சியைத் தட்டிச் சுடுதண்ணீரில் போட்டு உப்புப் போட்டாள். ஓமத்தைத் துணியில் முடிந்து முகரக் கொடுத்தாள். தாளிக்கிற வேலையெல்லாம் தெரேசா குளிக்கப் போகும் நேரத்தில் முடிந்துவிடும். வயிறு கட்டிக்கொண்டதற்குக் கீரையும் பப்பாளியும்தான் வழி என்றாள். அந்தக் குளிருக்குத் தோட்டத்தில் பப்பாளி காய்க்காது. வலப்பனைச் சந்தைக்குப் போகும் லொறிக்காரரிடம் றோலண்ட் சொல்லிவைத்தான். வாராவாரம் வைக்கோலில் பொதிந்து பழங்கள் வந்தன. ஸ்டோரிலிருந்து வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு தானே பழத்தை அறுத்து விதையை வழித்துத் தட்டில் வைப்பான். தெரேசா சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

வாந்தி மெல்ல அடங்கியது. உடம்பும் இளைத்தது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. கலியாண மோதிரத்தை நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். கோயில் படியில் மூச்சு வாங்காமல் ஏறிய அன்று, மேலே நின்று திரும்பிப் பார்த்து, பின்னால் வந்த றோலண்டைக் கேலி செய்தாள். அவனுக்கு அவள் பழையபடி இருந்தபோதும் குறையில்லை. ஆனாலும் அவள் சந்தோஷப்படுவதைப் பார்க்க அவனுக்கும் சந்தோஷமாக இருந்தது.

டாக்டரிடம் போக வேண்டிய சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்து மழையில் நுவரெலியா ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. ரோடு திறந்தபோது ஸ்டோரில் கொழுந்து குவிந்து கிடந்தது, றோலண்டுக்கு லீவு கிடைக்கவில்லை. மாத்திரை தீர்ந்திருந்தது. வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனவன், ஒரு மருந்துக்கடையில் காட்டி அதே மாத்திரையை வாங்கி வந்தான்.

"டாக்டர்கிட்டக் காட்டாம சாப்பிடலாமாங்க?" என்று தெரேசா கேட்டாள்.

"அதே மருந்துதானே தெரேசா. வேலை கொஞ்சம் ஓயட்டும், போயிட்டு வருவோம்."

வேலை ஓயவில்லை. மழை விட்டுப் பனி விழத் தொடங்கிய காலத்தில் தெரேசாவுக்கு மறுபடி வாந்தி வந்தது. இந்தத் தடவை கருவாடு தேவைப்படவில்லை. காலையில் கண்ணைத் திறந்தாலே குமட்டியது. அடுப்புப் புகை ஆகவில்லை, றோலண்டின் சட்டையில் ஏறியிருந்த தேயிலைத் தூள் வாசனை ஆகவில்லை.

"மாத்திரை வாந்தி திரும்பிருச்சு அம்மாக்கண்ணு" என்றாள் தெரேசா.

அந்த வீட்டில் அதற்கு அந்தப் பெயர் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. பெயர் இருந்ததால் யாருக்கும் வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை. அவளுக்கு மாதவிலக்கு எப்போதும் ஒழுங்காக வந்ததில்லை. இரண்டு மாதம் மூன்று மாதம் தள்ளிப்போவதும் ஒவ்வொரு தடவையும் ஆசைப்பட்டு ஏமாறுவதும் பழகி, கணக்கு வைப்பதையே விட்டிருந்தாள். ஒருநாள் புளிப்பாக எதையாவது கடித்தால் தேவலை என்றாள். அம்மாக்கண்ணு சந்தையிலிருந்து உப்புப் போட்ட வெரளிக்காய் வாங்கி வந்து கொடுத்தாள். ஒரு கோப்பைக் காயையும் தெரேசா உட்கார்ந்த இடத்தில் தின்று தீர்த்தாள். வாய் காய்கிறதல்லவா, அதனால்தான் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

றோலண்டுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"முகம் சுண்டிப்போச்சே. கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டிப் பாப்போமே."

"இல்லீங்க. இன்னும் கொஞ்சந்தான். இப்ப விட்டா மறுபடி ஊதிருவேன். பட்டதெல்லாம் வீணாப் போயிரும்."

அவன் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பழைய வைத்தியம் எல்லாம் மறுபடி தொடங்கியது. வறுத்த கஞ்சி, இஞ்சித் தண்ணீர், ஓம முடிச்சு, வலப்பனைப் பப்பாளி. ஆனாலும் கஞ்சி தங்கவில்லை. வயிறு முன்னைவிட மோசமாகக் கட்டிக்கொண்டது. வெளிக்குப் போகாமல் நாள் கணக்கில் வயிறு கல்லாக இருந்தது. அடிவயிறு கனமாக இருக்கிறது என்று தெரேசா சொன்னபோது அம்மாக்கண்ணு கையை வைத்து அமுக்கிப் பார்த்தாள்.

"கெட்டிப்பட்டுப் போச்சும்மா. மேல போறதெல்லாம் அதனாலதான் திரும்பி வருது. ஒரு தடவை வயித்தைக் கழுவி விட்டுருவோம்."

மறுநாள் விடிந்ததும் சூடான கோப்பியில் விளக்கெண்ணெய் கலந்து கொண்டுவந்தாள். தெரேசா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அது வெளியே வந்துவிடாமல் இருக்க ஒரு கல் சீனியை அவள் வாயில் போட்டு, தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள் அம்மாக்கண்ணு.

வயிறு இளகியது. மத்தியானம் வரை இரண்டு மூன்று தடவை போய்வந்து, இப்போதுதான் லேசாக இருக்கிறது என்று தெரேசா படுத்துக்கொண்டாள். பிறகு வலி வந்தது. பேதிக்குக் குடித்தால் வலிக்கத்தான் செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அம்மாக்கண்ணு வெந்நீர் போத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, தெரேசா கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பாவாடை நனைந்து சிவந்திருந்தது.

அம்மாக்கண்ணு அவள் முகத்தையும் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். போத்தல் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"ஐயோ, என் தாயே" என்றாள். "அம்மா, படுங்கம்மா. அசையாமப் படுத்துக்கங்க."

"என்னா அம்மாக்கண்ணு? என்னா?"

அவள் வாசலுக்கு விரைந்தாள். அடுத்த வீட்டு ஆளை டிஸ்பென்சரிக்கு ஓடச்சொல்லிக் கத்தினாள்.

தோட்டத்து டிஸ்பென்சர் சின்னராசா வந்து சேரும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. அவர் ஊசி போட்டு, ரத்தம் நிற்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். ஸ்டோரிலிருந்து ஓடிவந்த றோலண்ட் கதவோரம் நின்றான். தலைமயிரிலும் புருவத்திலும் தேயிலைத் தூள். சின்னராசா அவனை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார்.

"மூணு மாசத்துக்கு மேலேயே இருக்கும் றோலண்ட். உங்களுக்குத் தெரியாதா?"

"மாத்திரை வாந்தின்னு நெனச்சோம்" என்றான் றோலண்ட். அதையே இன்னொரு தடவையும் சொன்னான்.

உள்ளே தெரேசா அம்மாக்கண்ணுவின் கையைப் பிடித்திருந்தாள்.

"என்னா புள்ளைன்னு தெரிஞ்சிச்சா?"

அம்மாக்கண்ணு தலை குனிந்துகொண்டாள். "பொம்பளப் புள்ள மாதிரிதாம்மா இருந்திச்சு."

"காட்டு."

"வேணாம்மா."

"காட்டு அம்மாக்கண்ணு."

வெள்ளைத் துணியில் சுற்றியிருந்ததை அவள் கொண்டுவந்தாள். தெரேசா நெடுநேரம் பார்த்தாள். பிறகு சிலுவை அடையாளம் போட்டுத் தானே துணியை மூடினாள். ஞானஸ்நானம் பெறாதது என்பதால் கோயில் சேமக்காலையில் அடக்கம் செய்ய முடியாது. அன்று சாயங்காலம் மூடுபனியில் றோலண்ட் தனியாகப் போய், வீட்டுக்குப் பின்னால் தேயிலை தொடங்கும் இடத்தில் குழி வெட்டிப் புதைத்தான். வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தான். கையில் மண் அப்படியே இருந்தது.

ஒரு வாரம் கழித்து அவன் மட்டும் நுவரெலியாவுக்குப் போனான். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். மாத்திரையாலா, பேதி மருந்தாலா, உடம்பில் சத்தில்லாமல் போனதாலா, அல்லது எதுவுமே காரணமில்லாமல் தானாகவே கலைந்ததா, யாராலும் சொல்ல முடியாது என்றார். பிறகு, ஏன் திரும்பி வந்து காட்டவில்லை என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மண்சரிவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்த றோலண்ட், சொல்லாமலே எழுந்து வந்துவிட்டான்.

வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சந்தான் என்று தான் பிடிவாதம் பிடித்ததையே தெரேசா நினைத்துக்கொண்டிருந்தாள். பப்பாளி அறுத்த கத்தியை றோலண்ட் எடுத்துக் கண்ணில் படாத இடத்தில் போட்டான். சந்தை லொறி பழத்தோடு வந்து வாசலில் நின்றபோது, இனி வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

அம்மாக்கண்ணு, தெரேசா எழுந்து நடமாடத் தொடங்கிய அன்றோடு வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கால்வலி என்று யாரிடமோ சொல்லி அனுப்பினாள். தெரேசா சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு மத்தியானம் போர்வையைப் போர்த்திக்கொண்டு லயத்துக்கு இறங்கிப் போனாள். டீமேக்கரய்யா வீட்டம்மா ஒற்றையறைக் காம்பரா வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அம்மாக்கண்ணு அடுப்புப் பக்கத்தில் குந்தியிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"ஏன் வரல?"

"எந்த மூஞ்சியோடம்மா வருவேன்? அஞ்சு பெத்தவ நானு. எனக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா? வயித்துல கைய வச்சுப் பாத்தேனே. கைய வச்சுப் பாத்துட்டு எண்ணெயக் குடுத்தேனே."

"வயிறு என்னோடதுதானே. எனக்கே தெரியலையே."

அம்மாக்கண்ணு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தெரேசா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மன்னித்துவிட்டேன் என்றால் தப்பு அம்மாக்கண்ணுவுடையது என்று ஆகிவிடும். தப்பே இல்லை என்றால் பொய்யாகிவிடும். மனசில் இருந்ததையே சொன்னாள்:

"பசிக்குது. அன்னையிலிருந்து பசிக்குது. மாத்திரை நின்னதும் பசி வந்திருச்சு. அதுதான் எனக்குத் தாங்க முடியல அம்மாக்கண்ணு. அது போயிருச்சு, எனக்குப் பசிக்குது."

அம்மாக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சட்டியிலிருந்த ரொட்டியைப் பிய்த்து, பருப்பில் தோய்த்து, தட்டில் வைக்காமல் அவள் கையிலேயே கொடுத்தாள். தெரேசா அழுதுகொண்டே தின்றாள்.

அடுத்த நாள் அம்மாக்கண்ணு வேலைக்கு வந்தாள். இருவரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. தெரேசாவின் உடம்பு ஒரு வருஷத்துக்குள் பழையபடி ஆனது. மீண்டும் டாக்டரிடம் போகலாமா என்று றோலண்ட் ஒரே ஒரு தடவை கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். பிள்ளை பிறக்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு எப்போது குமட்டினாலும் தெரேசா இஞ்சித் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். பித்தமோ, ஆகாத சாப்பாடோ எதுவானாலும் சரி, அடுக்களைப் படியில் உட்கார்ந்து, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அம்மாக்கண்ணு அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவாள். மத்தியானத்துக்குள் குமட்டல் தானாக நின்றுவிடும். அதன் பிறகு தெரேசா எழுந்துபோய்ச் சோறு வடிப்பாள்.